ஹிமாலயன் 411-க்குப் பட்டறையில் சைடு பாக்ஸ்: என்ன தகடு, என்ன ரேக்?

சிறுவாணி_411 கேட்டது:

வணக்கங்க. வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், பிஎஸ்6. ஜூன் கடைசியில் மணாலி வழியா ஸ்பிட்டி போகணும். மணாலி வரைக்கும் பில்லியன் (பின்னால உட்கார ஆள்) உண்டு. ரெடிமேட் அலுமினியப் பெட்டி, அதை வண்டியில தாங்கற ரேக்கோட (கம்பிச் சட்டம்) சேர்த்தா கட்டுபடியாகாது. ரேக், ரெண்டு பெட்டி, லாட்ச் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள்ள முடிக்கப் பாக்கறேன். கோவை கணபதி பக்கம் ஒரு ஷீட் மெட்டல் பட்டறையில் லேசர் கட்டிங், பெண்டிங் ரெண்டும் இருக்கு. அலுமினிய வெல்டிங் மட்டும் வெளியே கொடுக்கணுமாம்.

தகடு 1.5 மி.மீ. போதுமா, 2 வேணுமா? பட்டறைக்காரர் 6061 வகை அலுமினியம்தான் ஸ்ட்ராங், அதையே போடுங்கன்னு சொல்றார், சரியா? வெல்டிங்கா, ரிவெட்டா? சைலன்சர் வலப்பக்கம் மேலே ஏறி நிக்குதே, அந்தப் பக்கத்துப் பெட்டியை என்ன செய்யறது? தண்ணி இறங்கவே கூடாது, அது முக்கியம்.

தகரப்பட்டறை:

6061 வேண்டாங்க. டி6 பதத்தில் (சூடுபடுத்திக் கடினமாக்கியது) அது பலமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் 2 மி.மீ. தகட்டை இறுக்கமாக 90 டிகிரி மடக்கினால் மடிப்பின் வெளிப்பக்கம் மயிரிழை விரிசல் விடும். பவுடர் கோட்டிங் அதை மூடிவிடும். கரடுமுரடான ரோட்டில் அதிர அதிர அங்கிருந்துதான் கிழியும். 5052 வகையில் எச்32 பதம் (பாதியளவு கடினம் இல்லாத, மடங்கக்கூடியது) கேட்டு வாங்குங்கள். 2 மி.மீ. தகட்டை உள் ஆரம் 2 மி.மீ. வைத்துத் தாராளமாக மடக்கலாம், உப்புக்காற்றையும் தாங்கும். "சாதா அலுமினியம்" என்று கொடுப்பது பெரும்பாலும் 1100 வகை. மடக்க வசதி, ஆனால் வண்டி ஒருமுறை சாய்ந்தாலே ஒடுங்கிப்போகும்.

தடிமன் 2 மி.மீ. போடுங்கள். சதுர மீட்டருக்கு 5.4 கிலோ. உங்கள் அளவுக்கு இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஏறக்குறைய 1.5 ச.மீ. போகும், அதாவது 8 கிலோ. தடிமனில் 1.5 மி.மீ.-க்கு இறங்கினால் மிச்சமாவது வெறும் 2 கிலோ. வண்டி விழுந்தால் முதலில் தரையில் படுவது இந்தப் பெட்டிதான், அங்கே போய்க் கஞ்சம் பிடிக்க வேண்டாம். 8×4 அடி முழுத் தகடு 16 கிலோ வரும், ஏறக்குறைய பாதி வீணாகக் கிடக்கும். தகடு வியாபாரிகளிடம் 5052 கட் பீஸ் கிலோக் கணக்கில் கிடைக்கும், முதலில் அதை விசாரியுங்கள்.

வெல்டிங் இல்லாமலே முடிக்கலாம். பெட்டியை நாலு பக்கமும் மடக்கச் சொல்லாதீர்கள். கடைசி மடிப்பில் தகடு பெண்டிங் மெஷினின் பஞ்சிலேயே (மேலிருந்து அமுக்கும் அச்சு) முட்டும். மூன்று துண்டாகச் செய்யுங்கள். உள்சுவர், அடி, வெளிச்சுவர் மூன்றும் ஒரே பட்டையில், யு மாதிரி. முன்னும் பின்னும் அடைக்க இரண்டு தனித் தகடு, அவற்றில் மூன்று விளிம்பிலும் 20 மி.மீ. மடிப்பு. அந்த மடிப்புதான் ரிவெட் அடிக்கும் இடம்.

அளவு: நீளம் 420, உயரம் 380, அகலம் 230. யு பட்டைக்கு வெளியளவு 380+230+380, மொத்தம் 990. ஒவ்வொரு மடிப்புக்கும் 3.5 மி.மீ. கழித்து 983-ஆக வெட்டச் சொல்லுங்கள். கழிக்காமல் வெட்டினால் சுவர் 7 மி.மீ. ஏறி நிற்கும், அடைப்புத் தகட்டோடு விளிம்பு ஒட்டாது. அடைப்புத் தகட்டின் வெளி அகலம் 225. யு-வின் உள் அகலம் 226, மீதி சீலன்டுக்கு.

ரிவெட் 4.8×10, மூடிய முனை உள்ளது. சாதா பாப் ரிவெட்டில் நடு ஆணி உடைந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் கசியும். ஓட்டை 4.9 டிரில், இடைவெளி 30 மி.மீ. இரண்டு பெட்டிக்கும் 160 வரை ஆகும். 200 வாங்கி வையுங்கள், கோணலாக இறங்குவதைத் துளைத்து எடுத்து மறுபடி அடிக்க வேண்டிவரும். மேல் விளிம்புக்கு 12 மி.மீ. கீழே உள்பக்கமாக 25×3 அலுமினியப் பட்டியைச் சுற்றிலும் கொடுங்கள். இல்லாவிட்டால் நீளச் சுவர் நடுவில் வெளியே பிதுங்கும், மூடி உட்காராது.

ரிவெட் அடிக்கும் முன்பே சேரும் இரண்டு முகத்திலும் எமரி போட்டுத் தின்னரால் துடைத்து, பாலியூரிதேன் சீலன்ட் தடவுங்கள். சிக்காஃப்ளெக்ஸ் வகை எதுவானாலும் சரி. காடி வாடை அடிக்கிற சிலிக்கானை மட்டும் தொடாதீர்கள், அந்த அமிலம் அலுமினியத்தை அரிக்கும். அடி மூலைகளில் இரண்டு மடிப்பு சந்திக்கும் இடத்தில் அரிசி அளவு ஓட்டை ஒன்று இருக்கும். தண்ணீர் ஏறுவது அங்கேதான். உள்ளிருந்து கட்டியாக வைத்து விரலால் அமுக்கி விடுங்கள். இந்த சீலன்ட் ஒரு நாளைக்கு 3 மி.மீ. ஆழம்தான் இறுகும், மறுநாளே தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டாம்.

மூடியில் பலர் தவறுவது அளவில். விளிம்பில் மாட்டும் ரப்பர் பீடிங், கார் கதவுக்குப் போடுவதுதான், இரண்டு பக்கமும் நாலு நாலு மி.மீ. தடிமன் கூட்டும். மூடியின் உள்ளளவு பெட்டியைவிடப் பக்கத்துக்கு 6 மி.மீ. கூடுதலாக, அதாவது 432×242 வேண்டும். உதடு 30 மி.மீ. பீடிங்கின் இணைப்பு பைக் பக்கம் வரட்டும், காற்றோடு மழை அடிக்கிற முன்பக்கம் கூடாது. ஹிஞ்ச் வேண்டாம். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) டாகிள் லாட்ச், அதாவது நெம்பி இழுத்துப் பூட்டும் கொக்கி, திருகி இழுப்பு கூட்டிக் குறைக்கிற மாதிரி. ஒன்றைக் கழற்றினால் மற்றது ஹிஞ்சாகிவிடும், ரப்பரும் ஒரே சீராக அமுங்கும்.

பைப்_பெண்டர்:

பெட்டி பற்றி மேலே சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் மணாலியிலிருந்து ஸ்பிட்டி போகும் வழியில் உள்ள கரடுமுரடான கிராம்ஃபு–பட்டல் பாதையில் உடைவது பெரும்பாலும் ரேக்தான்.

பைப் 19 மி.மீ. இஆர்டபிள்யூ (நீளவாக்கில் வெல்டு செய்த இரும்புப் பைப்), சுவர் 1.6 மி.மீ. மீட்டருக்கு 700 கிராம் வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 5 மீட்டருக்குள் முடியும், ஆக மூன்றரை கிலோ. பட்டறையில் வேலை சுருக்கமாக முடிய பைப் முனையைச் சப்பையாக்கி ஓட்டை போட்டுத் தருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சப்பையும் உருண்டையும் சேரும் கோட்டில்தான் முறியும். 5 மி.மீ. தகட்டில் காது வெட்டி, சின்ன முக்கோணத் தாங்கல் வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள்.

பிடிப்பு மூன்று இடம். மேலே பின் கேரியர் போல்ட். முன்னால் கீழே பில்லியன் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட். மூன்றாவது, நம்பர் பிளேட்டுக்குக் கீழே இடமும் வலமும் சேர்க்கும் குறுக்குக் கம்பி. பலரும் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ரேக் இறக்கை விரிப்பதுபோல் வெளியே விரிந்து வரும், எல்லாப் பாரமும் மேல் போல்ட்டில் விழும். 411-இல் பின் சக்கரம் 180 மி.மீ. ஏறி இறங்கும். அவ்வளவு ஏறினாலும் டயர் தொடாத இடமாகப் பார்த்துக் கம்பியை வையுங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் எதையும் பிடிக்கக் கூடாது, அது ஆடுகிற உறுப்பு.

வண்டியில் வைத்துப் புள்ளி வெல்டு மட்டும். அதற்கு முன் பேட்டரி நெகட்டிவ் கழற்றி, இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கனெக்டரையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு ரேக்கை இறக்கி முழு வெல்டு. மறுபடி மாட்டிப் பார்த்தபின் பவுடர் கோட்டிங். வெல்டு சூட்டில் ரேக் ஓரிரு மி.மீ. இழுத்துக்கொள்ளும், அதனால் காதுகளில் ஓட்டை நீளவாக்கில் இருக்கட்டும். நட்டு எல்லாம் நைலாக் (அதிர்வில் தளராத, உள்ளே நைலான் வளையம் உள்ளது).

வலப்பக்கம்: சைலன்சரின் மிக வெளியே நிற்கும் புள்ளியிலிருந்து 25 மி.மீ. விட்டு ரேக் வரட்டும். நடுவில் 1 மி.மீ. அலுமினியத் தகட்டை ஒரு வெப்ப மறைப்பாக, பெட்டியோடு ஒட்டாமல் ஸ்பேசர் வைத்து மாட்டுங்கள். சைலன்சருக்காகப் பெட்டியில் பள்ளம் வெட்டுவதைவிட அகலத்தையே 180-ஆகக் குறைப்பது நல்லது. 420×380×180 என்றாலும் 28 லிட்டருக்கு மேல் கொள்ளும். இடப்பக்கம் 36 லிட்டர். பள்ளம் வெட்டினால் மடிப்பு, ரிவெட், கசிவு மூன்றும் கூடும், மிஞ்சுவது நாலு லிட்டர்.

மொத்த அகலம் ஹேண்டில்பாரைத் தாண்டக் கூடாது. 411-க்கு அது 840 மி.மீ. நடுக்கோட்டிலிருந்து இடது ரேக் 150, வலது ரேக் 220 வந்தால் பெட்டியோடு 380-உம் 400-உம் ஆகும், சரியாக இருக்கும். உங்கள் வண்டியில் நூல் கட்டி அளந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பெட்டி மாட்ட: 50 மி.மீ. நைலான் ராடை லேத்தில் கொடுத்து 19.5 பள்ளம் எடுத்த நாலு கட்டை. பெட்டிக்கு இரண்டு, கீழ்க்கம்பியில் சவாரி உட்காரும். மேலே ஒரு எம்8 போல்ட், பெட்டிக்கு உள்ளிருந்து கைத்திருகு. உள்ளே 60×60×3 தாங்கல் தகடு கட்டாயம்; வெறும் 2 மி.மீ. தகட்டில் போல்ட் ஓட்டை நாளாக நாளாக முட்டை வடிவமாகும். மூடியைப் பூட்டினால் பெட்டியையும் கழற்ற முடியாது, தனிப் பூட்டுச் செலவில்லை.

நீலக்கேன்:

15,000 என்றால் அலுமினியத்தை விட்டு வேறு வழியும் பார்க்கலாமே. 35 லிட்டர் எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) ஜெர்ரி கேன், தடித்த சுவர். ஒரு முகத்தை வெட்டி எடுத்து மூடியாக்கினால் பெட்டி தயார். விழுந்தால் ஒடுங்காது, உதறி எழுந்துகொள்ளும். செலவு ரேக்குக்குத்தான்.

கவனிக்க வேண்டியது இரண்டு. எச்டிபிஇ-யில் எந்தப் பசையும் சீலன்டும் பிடிக்காது, தோல் மாதிரி உரிந்து வரும். ஆகவே பியூட்டைல் டேப் (மெத்தென்ற ரப்பர் டேப்), ரப்பர் கேஸ்கெட், போல்ட் இறுக்கம், இவ்வளவுதான் நம்பிக்கை. பாப் ரிவெட் அதிர்ச்சியில் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எம்6 போல்ட்டும் இரண்டு பக்கமும் 25 மி.மீ. அகல வாஷரும் போடுங்கள். ஓட்டையை 8 மி.மீ. ஆக்கி விடுங்கள், வெயிலில் இந்தப் பிளாஸ்டிக் அலுமினியத்தைவிடப் பல மடங்கு விரியும், இறுக்கமான ஓட்டை இருந்தால் சுவர் நெளியும்.

பழைய கேன் வாங்கினால் உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து, ஆசிட் கேன் எத்தனை கழுவினாலும் துணிக்கு ஆகாது. எண்ணெய் கேன் பரவாயில்லை.

சிறுவாணி_411:

ரொம்ப நன்றிங்க. 5052-ன்னு முடிவு பண்ணிட்டேன், ரிவெட்தான். இன்னும் ரெண்டு சந்தேகம். இடப்பக்கம் ரேக் போட்டா சேலை கார்டைக் கழற்றச் சொல்றாங்க. செக்போஸ்ட்ல பிரச்சினை வருமா? அப்புறம், பெட்டிக்கு எத்தனை கிலோ ஏத்தலாம்?

மேட்டுப்பாளையம்_கியர்:

கார்டைக் கழற்றினால் அதற்குப் பதில் ஒன்று இருக்கணும். பில்லியன் உட்காரும் வண்டியில் பின் சக்கரத்தின் பாதியாவது மறைய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. ரேக்கின் இடப்பக்கச் சட்டத்துக்குள் 1.5 மி.மீ. தகடு ஒன்றை ரிவெட் அடித்துவிட்டால், பெட்டியைக் கழற்றி வைத்த நாளிலும் விதி நிறைவேறும், பின்னால் உட்காருபவரின் துப்பட்டாவும் தப்பும். வால்பக்கம் டாப் பாக்ஸ் வைக்கிற எண்ணம் இருந்தால் 2020 ஜூலைத் திருத்தத்தில் அளவு சொல்லியிருக்கிறார்கள்: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ.-க்குள். பில்லியன் இடத்தை அது பிடித்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம்.

எடைக்குப் பெட்டியைக் கேட்காதீர்கள், வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அதில் உள்ள மொத்த அனுமதி எடையில் வண்டியின் சொந்த எடையைக் கழியுங்கள். மிச்சத்தில் நீங்கள், பில்லியன், ரேக், காலிப் பெட்டி, சாமான் எல்லாம் அடங்கணும். ரேக்கும் இரண்டு காலிப் பெட்டியும் மட்டுமே 13, 14 கிலோ தின்னும். மணாலி வரை இரண்டு பேர் என்றால் பக்கத்துக்கு 8 கிலோவுக்கு மேல் நான் சொல்ல மாட்டேன். உங்கள் பெட்டிகள் சமமில்லாததால் லிட்டரை நம்பாமல் தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள், வித்தியாசம் 2 கிலோவுக்குள் இருக்கட்டும். டூல்ஸ், டியூப், செயின் ஆயில் மாதிரி கனமானது அடியில், முன்மூலையில். டாப் பாக்ஸில் கனம் ஏற்றினால் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஹேண்டில் லேசாகி வால் ஆட ஆரம்பிக்கும். பின் ஸ்பிரிங் பிரீலோடையும் (முன்கூட்டிய இறுக்கம்) டயர் காற்றையும் கையேட்டில் இருவர் ஓட்டத்துக்குச் சொன்ன அளவுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மண்பாதை:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சேற்றிலும் ஆற்றுக் கடப்பிலும் காலை ஊன்றித் தள்ளும்போது வண்டி முன்னே போக, கெண்டைக்கால் பெட்டியின் முன்மூலைக்கு அடியில் மாட்டும். கால் முறிவது இப்படித்தான். இந்தக் காரணத்துக்காகவே ஆஃப்ரோடு அதிகம் போகிறவர்களுக்குத் துணிப் பைதான் என் சிபாரிசு. உங்கள் பாதையில் தார் ரோடுதான் அதிகம், பெட்டி போடுங்கள். ஆனால் பெட்டியின் முன்முகம் பில்லியன் ஃபுட்ரெஸ்டுக்குப் பின்னால் வரட்டும், பில்லியன் குதிகாலுக்கும் அந்த இடம் வேணும். முன் கீழ்மூலையை 60 மி.மீ. சாய்வாக வெட்டிவிடுங்கள். கணபதி பட்டறையில் லேசர் இருப்பதால் வரைபடத்தில் ஒரு கோடுதான் கூடும். ஃபுட்ரெஸ்டில் நின்று காலைக் கீழே இறக்கிப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

தகரப்பட்டறை:

மூலையைச் சாய்த்தால் யு பட்டையின் நேர் மடிப்பு அந்த இடத்தில் வராது. முன் அடைப்புத் தகட்டிலேயே ஒரு 45 டிகிரி மடிப்பு கூட்டுங்கள், யு-வின் இரண்டு சுவரிலும் அதே மூலையை வெட்டிவிடுங்கள். அடித்தகடு 60 மி.மீ. குறையும். லேசருக்குக் கொடுக்கும் முன் அட்டையில் ஒன்று வெட்டி ஒட்டி ரேக்கில் மாட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, உள்ளே பவுடர் கோட்டிங் போடாத பச்சை அலுமினியத்தில் துணி உரசினால் கறுப்புத் தூள் ஏறும், சலவைக்குப் போகாது. டார்பாலின் தைக்கிறவரிடம் பெட்டி அளவுக்கு 10 மி.மீ. குறைத்து இரண்டு உள்பை தைத்துக்கொண்டால் ராத்திரி ரூமுக்குப் பையை மட்டும் தூக்கிப் போகலாம், பெட்டி வண்டியிலேயே கிடக்கும்.

சிறுவாணி_411:

அட்டையில இன்னைக்கே வெட்டிடறேன். சாய்வோட யு பட்டை நீளம் மாறுமா?

தகரப்பட்டறை:

மாறாதுங்க. பட்டையின் 983 அப்படியே. அடைப்புத் தகட்டுக்குத்தான் கணக்கு மாறும்: நேர்ச்சுவர் 320, சாய்வு 85. 45 டிகிரி மடிப்புக்கு 3.5 கழிக்காதீர்கள், 1 மி.மீ. போதும். அடைப்புத் தகட்டின் பக்க மடிப்பு 20-ஐச் சாய்வு தொடங்கும் இடத்தில் வெட்டிப் பிளந்து விடுங்கள், இல்லாவிட்டால் மடிப்பு சுருங்கி நிற்கும். அந்தப் பிளவுக்கும் சீலன்ட் மறக்காதீர்கள்.