டுகே-ட்ரூவானை மூழ்கடித்தது சரியா?

பாய்மரப்பிரியன்:
74 பீரங்கிகள் கொண்ட பிரெஞ்சுப் போர்க்கப்பல் டுகே-ட்ரூவான் 1800இல் பிரான்சின் ரோஷ்ஃபோரில் கடலில் இறங்கியது. பிரெஞ்சு-ஸ்பானியக் கடற்படையை ஆங்கிலேயர் வென்ற டிரபால்கர் கடற்போரில் 1805 அக்டோபர் 21இல் தப்பி, இரண்டே வாரத்தில் ஸ்பெயினின் ஓர்டேகல் முனை அருகே ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ராக்கனின் அணியிடம் சிக்கியது. ஆங்கிலேயர் இம்ப்ளக்கபிள் என்று பெயர் மாற்றினார்கள், 1808இல் பால்டிக்கில் ரஷ்யர்களோடு மோதவிட்டார்கள், பிறகு பயிற்சிக் கப்பலாக்கினார்கள். இத்தனைக்கும் பிறகு 1949 டிசம்பர் 2இல் ஆங்கிலக் கால்வாயில் வெடிவைத்து மூழ்கடித்தார்கள். டிரபால்கர் கப்பல்களில் அன்று மிஞ்சியிருந்தவை ஆங்கிலேயரின் விக்டரியும் இதுவும்தான். எனக்கு இது மன்னிக்க முடியாத செயல்.

கரையோரன்:
1949இல் பிரிட்டன் இருந்த நிலையைப் பாருங்கள். போர் முடிந்து நாலே வருஷம், சாப்பாட்டுக்கே ரேஷன், குண்டுவிழுந்த வீடுகளைக் கட்டப் பணமில்லை. கப்பலோ ஓக் மரம், உளுத்துப்போயிருந்தது. பிரான்சுக்கே தருகிறோம் என்றார்கள், அவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேறு என்ன செய்வது?

பாய்மரப்பிரியன்:
1920களில் பொதுமக்கள் நன்கொடை கொடுத்து இதே கப்பலைப் பழுதுபார்த்தார்களே! மக்கள் கைவிடவில்லை, அரசுதான் கைவிட்டது. போர்ட்ஸ்மத்தில் இதன் பக்கத்திலேயே நின்ற டிரிங்கோமாலி, நம் திருகோணமலையின் பெயர் கொண்ட கப்பல், இன்றும் ஹார்ட்டில்பூலில் இருக்கிறது.

கரையோரன்:
டிரிங்கோமாலி 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டியது. தேக்கு தாங்கும், ஈரத்தில் கிடந்த ஓக் தாங்காது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது.

நங்கூரம்:
நடுவில் வருகிறேன். 'டிரபால்கர் கப்பல்' என்று தூக்கிப்பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அன்று இது பிரெஞ்சுத் தளபதி டூமனுவாரின் முன்னணிப் பிரிவில் இருந்தது. அந்தப் பிரிவு தாமதமாகத் திரும்பி, கொஞ்சம் சுட்டுவிட்டு, விலகிப் போனது. இதன் உண்மையான சண்டை ஓர்டேகல். இதன் கேப்டன் துஃபே அங்கேதான் இறந்தார், டூமனுவாரோடு தப்பி வந்த நான்கு கப்பல்களும் பிடிபட்டன. கப்பலின் மதிப்பை அதை வைத்துச் சொல்லுங்கள்.

பாய்மரப்பிரியன்:
சரி, அதை ஏற்கிறேன். ஆனால் தாமதமாக வந்தாலும் அங்கே இருந்த மரம் அது. தவிர, 1800இன் பிரெஞ்சுக் கப்பல் கட்டும் முறையை முழு உருவில் பார்க்க வேறெங்கே போவோம்? கிரீனிச் அருங்காட்சியகத்தில் பின்பக்க அலங்காரமும் முகப்புச் சிலையும் மட்டும் இருக்கின்றன.

கரையோரன்:
அவற்றையாவது கழற்றி வைத்தார்களே. இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றித்தான் அனுப்பினார்கள், அவமதிப்பாக இல்லை.

பாய்மரப்பிரியன்:
வெடித்த பிறகும் மேல்பாதி உடனே மூழ்காமல் மிதந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.