68 செவெல்: ஆயில் பிரஷர் முள் தலைகீழாக ஓடுகிறது, அவசரம்

செவெல்68:
என் 1968 செவ்ரோலே செவெல் காரில் பழைய ஸ்டூவர்ட் வார்னர் நிறுவன மீட்டர்கள் மூன்றை (ஆயில் அழுத்தம், தண்ணீர் சூடு, ஆம்ப்) டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் ஆயில் முள் 80-க்கு ஓடிவிடுகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கினால் பூஜ்யத்தில் விழுகிறது! வயரெல்லாம் சரி. சனிக்கிழமை கண்காட்சி. உதவுங்கள்.

டெட்ராய்ட்வாசி:
எந்த இன்ஜின்? மின்சார மீட்டரா, எண்ணெய்க் குழாய் வைத்ததா?

நீலமுள்:
எர்த்தான். மீட்டரின் பின்புறத்திலிருந்து தனி வயர் இழுத்துச் சட்டத்தில் முடியுங்கள்.

பழையஇரும்பு:
இன்ஜினில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினீர்களா? எனக்கு அதுதான் வினையானது.

மூத்தமெக்கானிக்:
வயரிங் வரைபடம் படிக்காமல் 50 வருட மீட்டரைத் தொடுபவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? உள்ளே சுருள் எரிந்திருக்கும். தூக்கிப் போடுங்கள்.

செவெல்68:
307 இன்ஜின், மின்சார மீட்டர். சென்சாரில் நான் கைவைக்கவே இல்லை, காரோடு வந்தது.

டெட்ராய்ட்வாசி:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் காரில் முன்பு மீட்டர் இருந்ததா, சிவப்பு விளக்கு மட்டுமா?

செவெல்68:
விளக்குதான்.

டெட்ராய்ட்வாசி:
அப்படியானால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தருவது) பக்கத்தில் இருப்பது சென்சாரே அல்ல, விளக்குக்கான சுவிட்ச். அழுத்தம் இல்லாதபோது எர்த்தோடு சேரும், அழுத்தம் வந்ததும் பிரியும். உங்கள் மீட்டருக்கோ சென்சாரின் மின்தடை பூஜ்யத்தில் 240 ஓம், முழு அழுத்தத்தில் 33 ஓம் வேண்டும். சுவிட்ச் சேரும்போது ஏறக்குறைய 0 ஓம், அதனால் முள் கடைசிக்கு ஓடுகிறது. எர்த் மட்டும் கெட்டிருந்தால் இன்ஜின் ஓடும் நொடியில் முள் புரண்டு விழக் காரணமில்லை. சுருளும் எரியவில்லை, முள்தான் அசைகிறதே. தண்ணீர் மீட்டர் எவ்வளவு சூடானாலும் குளிரிலேயே நிற்கிறதா?

செவெல்68:
ஆமாம்! அதை வேறு பிரச்சினை என்று நினைத்தேன்.

டெட்ராய்ட்வாசி:
அதே கதைதான், அங்கேயும் இருப்பது விளக்குக்கான சுவிட்ச். ஆயிலுக்கு 240-33 சென்சாரும் தண்ணீருக்கு அந்த மீட்டருக்கு உரிய சென்சாரும் வாங்குங்கள். செவ்ரோலே தன் மீட்டர்களுக்கு வைத்த ஆயில் சென்சாரை வாங்கிவிடாதீர்கள். அது 0 முதல் 90 ஓம், திசையும் நேரெதிர். டீ இணைப்பு (T வடிவ மூன்று வழிக் குழாய்) போட்டுப் பழைய சுவிட்சையும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது முள்ளைப் பார்க்காமல் போகலாம், சிவப்பு விளக்கு கண்ணில் படும்.

பழையஇரும்பு:
மூன்றாவது ஆம்ப் மீட்டரா? கழற்றிவிட்டு வோல்ட் மீட்டர் போடுங்கள். அக்காலத்து டாட்ஜ், பிளிமத் கார்களில் மின்னோட்டம் முழுவதும் டேஷ்போர்டுக்குள் வந்து போகும். இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தீச்சுவரில் இருக்கும் இணைப்பான் சூட்டில் உருகியதை நானே பார்த்திருக்கிறேன்.

நீலமுள்:
அது டாட்ஜின் இணைப்பான் செய்த கோளாறு. தடித்த வயரும், மின்சாரம் மிஞ்சினால் உருகி அறுந்துவிடும் ஃபியூசிபிள் லிங்க்கும் இருந்தால் ஆம்ப் மீட்டருக்கு என்ன குறை? பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, வெளியேறுகிறதா என்று அதுதான் நேராகக் காட்டும்.

பழையஇரும்பு:
இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் காட்டினால் எனக்குப் போதும். அதற்காக அவ்வளவு மின்சாரத்தை முழங்காலுக்கு மேலே ஓடவிட வேண்டுமா?

மூத்தமெக்கானிக்:
1968-இல் அந்தக் காரில் எது வந்ததோ அதுவே அழகு. வெளி மீட்டரே தேவையில்லை.

நீலமுள்:
அக்காலத்து இளைஞர்கள் கார் வாங்கிய வாரமே மாட்டியவை இவை. இவையும் அந்தக் காரின் வரலாறுதான்.

செவெல்68:
சென்சார்கள் மாற்றினேன், டீயும் போட்டேன். சூடான பின் நின்றபடி 25, ஓட்டும்போது 45. தண்ணீர் முள்ளும் ஏறுகிறது. டெட்ராய்ட்வாசி அண்ணா, மிக்க நன்றி.

பழையஇரும்பு:
ஆம்ப் மீட்டருக்கு எந்தத் தடிமன் வயர் போட்டீர்கள், தம்பி?