புதுப்பிப்பு: கார் வாங்கவில்லை, பைக் எடுத்துவிட்டேன்

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போய்வர கார் வாங்கலாமா, 350 சிசி பைக் எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் காரைத்தான் சொன்னீர்கள். நான் பைக் எடுத்தேன். மனசு நிறைந்திருக்கிறது.

முதல் காரணம் ஜூன் மாதக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று, காலையில் கோவைக்குப் போகும்போது கிணத்துக்கடவு பக்கம் இடப்புறமிருந்து தள்ளும். வண்டியைக் கொஞ்சம் காற்றுப் பக்கமே சாய்த்துப் பிடித்தால் நேராகப் போகும். அந்த ஈரக் குளிர்ச்சி கண்ணாடி ஏற்றிய காருக்குள் வருமா?

ஞாயிறென்றால் ஆழியாறு தாண்டி வால்பாறை. 40 கொண்டை ஊசி வளைவுகள்! வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தாலே போதும், வண்டி அழகாகத் திரும்பும். 9-வது வளைவில் நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்க்காமல் மேலே போவதே இல்லை.

அப்புறம், மழைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு: நல்ல மழைக்கோட்டு வாங்கிவிட்டேன். பின்னால் உட்காரும் மனைவிக்கும் தனி ஹெல்மெட் இருக்கிறது. குழந்தைகளோடு வெளியூர் என்றால் பஸ்தான்.