அமெரிக்காவில் லீஸை (வீட்டு வாடகை ஒப்பந்தத்தை) பாதியில் விட்டுக் கிளம்பியவர்கள், உங்களுக்கு என்ன ஆனது?

டாலஸ்காரன்:
லீஸ் முடிய ஐந்து மாதம் இருக்கும்போது சியாட்டிலில் வேலை கிடைத்தது. அப்போது டாலஸ் பக்கத்து இர்விங்கில் இருந்தேன், வாடகை 1,450 டாலர். அபார்ட்மெண்ட் அலுவலகத்தில் சொன்னேன். ரீலெட்டிங் கட்டணம் கட்டச் சொன்னார்கள். ஒரு மாத வாடகையில் 85 சதவீதம், அதாவது 1,232 டாலர் சொச்சம். கட்டினேன், சாவியைக் கொடுத்தேன், கணக்கு தீர்ந்தது என்று விமானம் ஏறிவிட்டேன்.

தீரவில்லை. டெக்சாஸில் பல அபார்ட்மெண்ட்களில் அந்தக் கட்டணம் புது ஆள் பிடிக்கும் செலவுக்கு மட்டும்தான். ஆள் வரும்வரை வாடகை நம் தலையில். லீஸிலேயே எழுதியிருந்தது. நாற்பது பக்கம், யார் படித்தது?

வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்திருக்கிறது. 4,350 டாலருக்கான பில் பழைய முகவரிக்கே போயிருக்கிறது. புது முகவரியை நான் எழுதிக் கொடுக்கவே இல்லை, தபாலைத் திருப்பிவிடவும் மறந்துவிட்டேன். கார் லோனுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. 740-ல் இருந்த கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்று பார்க்கும் மதிப்பெண், 630 சொச்சம். கிரெடிட் ரிப்போர்ட்டில், பாக்கி வசூலிக்கும் ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சி பெயர். லீஸை முறித்ததாக எங்கேயும் ஒரு வரி இல்லை. கட்டாத பாக்கி மட்டும் இருந்தது. அது ஏழு வருடம் அங்கேயே கிடக்கும்.

சரி, கட்டித் தொலைத்தேன். கட்டினாலும் அந்த வரி தானாகப் போகாதாம். அந்த ஸ்கோரைப் போடும் ஃபைகோ 9 போன்ற புதிய கணக்குமுறைகள், முழுதாகக் கட்டிய கலெக்‌ஷனைக் கண்டுகொள்வதில்லை. எனக்குக் கடன் தந்தவர்கள் பார்த்தது பழைய ஃபைகோ 8. வட்டி ஏறியதுதான் மிச்சம்.

சான் ஹோசே அக்கா:
தம்பி, எங்கள் கதை வேறு. 2023-ல் அவருக்கு வேலை போனது. எச்1பி வேலை விசா, அறுபது நாள்தான் கெடு. "ஊருக்கே போகப் போகிறோம், சாவியைப் போட்டுவிட்டுக் கிளம்பு" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. கலிஃபோர்னியாவில் நாம் காலி செய்தால் ஓனர் சும்மா உட்கார்ந்து மீதி வாடகையைக் கேட்க முடியாது, நியாயமான முயற்சியில் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் கழிந்துவிடும். ஆனால் அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அந்தச் சண்டைக்கு ஏது நேரம்? தமிழ் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பன்னிரண்டாம் நாள் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வந்தது. பாக்கி இல்லை என்று மேனேஜரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். அட்வான்ஸ் 21 நாளுக்குள் கணக்கோடு வந்துவிட்டது. நாங்கள் திரும்ப வந்து வீடு தேடியபோது புது இடத்தார் பழைய ஓனருக்குத்தான் முதலில் போன் போட்டார்கள். அந்தக் காகிதத்தை இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்டின் கிராமத்தான்:
டாலஸ்காரன் அண்ணே, முழுசாகக் கட்டியதுதான் தப்பு. டெக்சாஸ் சொத்துச் சட்டம் 91.006: காலி செய்த வீட்டுக்கு வேறு ஆள் தேட ஓனர் முயற்சி எடுக்கவேண்டும். அந்தக் கடமை இல்லை என்று லீஸில் எழுதினாலும் செல்லாது. எனக்கும் இதே மாதிரி பில் வந்தது. வீடு காலி என்று அவர்கள் சொன்ன இரண்டு மாதமும் அவர்கள் இணையதளத்தில் என் யூனிட் பட்டியலிலேயே இல்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். கலெக்‌ஷன்காரர்களின் நோட்டீஸ் வந்து முப்பது நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால், கடனை உறுதிசெய்யும்வரை வசூலை நிறுத்தியாகவேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாத வாடகை ஒரு மாதமாகக் குறைந்தது. போனில் மட்டும் பேசாதீர்கள், நாளைக்குச் சாட்சி இருக்காது.

டாலஸ்காரன்:
அந்த முப்பது நாள் நோட்டீஸ் யார் வீட்டு லெட்டர் பாக்ஸில் கிடந்ததோ! ஆனால் ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் எப்போது வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாமே? அந்த மூன்று மாதத்தில் எந்தத் தேதியில் விளம்பரம் போட்டார்கள் என்று கேட்டு இன்றே கடிதம் எழுதுகிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.