பழைய பிக்கப்புக்கு இரண்டாவது டீசல் தாங்கி: என்ன சொல் போடலாம்?

திருகோணமலை, பயிற்சி ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். மோட்டார் வாகனப் பாடத்துக்கு ஒரு கைந்நூல் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. இங்கே படகுக்காரர்களிடம் எண்பது, தொண்ணூறுகளில் வந்த ஹைலக்ஸ் பிக்கப்புகள் இன்னும் ஓடுகின்றன. பைபர் படகை ட்ரெய்லரில் ஏற்றி புல்மோட்டைக்கும், சில வேளை ஏ12 வீதியால் புத்தளம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். வெறும் வண்டி குடிப்பதைவிட இழுவையில் டீசல் தாராளமாகவே போகும், தாங்கியோ பெரும்பாலும் 60, 70 லீற்றர்தான். அதனால் இன்னொரு தாங்கி பூட்டுவது பற்றி ஓர் அத்தியாயம். மாணவர்கள் "எக்ஸ்ட்ரா டாங்க்" என்கிறார்கள். நான் "மேலதிக எரிபொருள் தாங்கி" என்று எழுதினேன், படத்தில் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. சின்னதாக ஒன்று சொல்லுங்கள்.

கோயம்புத்தூர், மொழிபெயர்ப்பாளர்:

"துணைத் தொட்டி." முடிந்தது. தாங்கி என்பது டேங்க்கைத் தமிழ் எழுத்தில் எழுதியதுதானே, அதை ஏன் கலைச்சொல் என்று கொண்டாட வேண்டும்?

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, உங்கள் ஊரில் தொட்டிக்கு மூடி இருக்கலாம். எங்களுக்குத் தொட்டி என்றால் மாடு தண்ணீர் குடிக்கிற சீமெந்துத் தொட்டி, வாய் திறந்தது. அதில் டீசலை ஊற்றி வீதியில் ஓடச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீர்களா?

தாங்கிக்கு வருவோம். தாங்கு என்ற வினையடியோடு இகர விகுதி. சுமைதாங்கி, இடிதாங்கி போல. ஒலி டேங்க்கை ஒத்திருப்பது உண்மை, ஆனால் பொருளும் பொருந்தி வந்தால் அதைத் தள்ளுவானேன்? அந்த ஆங்கிலச் சொல்லே இந்தப் பக்கத்துச் சரக்கோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. குஜராத்தியில் நிலத்தடி நீர்க்கிடங்குக்கு டாங்கி என்று ஒரு சொல் உண்டு, போர்த்துக்கேயத்திலும் ஒத்த சொல் உண்டு, எது எதிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்குத்தான். வெள்ளைக்காரன் நம் கந்தளாய்க் குளத்தையே டேங்க் என்றுதான் எழுதினான். குளக்கோட்டன் கட்டியதாகக் கோணேசர் கல்வெட்டு என்ற நூல் சொல்கிற குளம், 1986 ஏப்ரலில் அணை உடைந்து எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது. சரி, அது வேறு கதை.

என் மறுப்பு "துணை"க்கு. சுமைதாங்கி சுமையைத் தாங்குவது, இடிதாங்கி இடியைத் தாங்குவது. அப்படியானால் துணைத்தாங்கி? நல்ல சொல் புறநானூற்றிலேயே இருக்கிறது, 102ஆம் பாட்டு, அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பண்டம் நிறைய. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அங்கே என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ் மரத்தில் மாற்றுக்காகக் கட்டிவைத்த "சேம அச்சு". சுமை, தூரம், பாதையில் நம்பிக்கையின்மை மூன்றும் உங்கள் படகுக்காரருக்கும் உண்டு. ஆகவே சேமத் தாங்கி.

கோலாலம்பூர்:

ஐயா அருமை. ஆனால் இங்கே நாங்கள் "தோம்பு" என்போம். குப்பைத் தோம்பு, எண்ணெய்த் தோம்பு. இரண்டாவதுக்கு "உபதோம்பு" என்று வைக்கலாமே.

யாழ்ப்பாணம்:

எங்களுக்குத் தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. டீசலைக் காணிக் கந்தோரில் ஊற்ற முடியாது.

சீனக்குடாப் பக்கத்து வாசகர்:

யாரும் "குதம்" சொல்லவில்லையே! பிரித்தானியர் கட்டிவிட்டுப் போனதில் 99 எண்ணெய்க் குதங்கள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் நிற்கின்றன, பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. கிடங்கு, மலாயின் குடாங், ஆங்கிலத்தின் கொடவுன் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் கட்சி. பெரியது குதம், சிறியது குறுங்குதம்.

மட்டக்களப்பு, சித்த மருத்துவர்:

குறுங்குதம் வேண்டாம். மருத்துவ நூல்களில் குதம் உடம்பின் எந்த இடம் என்று அகராதியில் பார்த்துவிட்டு வாருங்கள். வண்டியின் பின்பக்கம் அடியில் வேறு பூட்டப் போகிறீர்கள்.

உப்புவெளி, கராஜ்காரர்:

நான் இலக்கணம் படித்தவன் இல்லை, இந்த வேலை செய்கிறவன். நீங்கள் எல்லோரும் ஒரு பொருளுக்குப் பெயர் தேடுகிறீர்கள், அங்கே மூன்று பொருள் இருக்கிறது.

முதலாவது, பழையதைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று பூட்டுவது. அதற்குப் புதுப் பெயரே தேவையில்லை, பெரிய தாங்கிதான். இரண்டாவது, கூடுதலாக ஒன்று பூட்டி அதிலிருந்து முதல் தாங்கிக்கு டீசலை மாற்றுவது, சின்ன 12 வோல்ட் பம்ப் வைத்தோ, மேலே வைத்துத் தானாக இறங்க விட்டோ. எஞ்சினுக்கு இந்தத் தாங்கியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. முதல் தாங்கியில் இடம் விழுந்த பிறகே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வழிந்துவிடும். மூன்றாவதுதான் வில்லங்கம். இரண்டு தாங்கியும் எஞ்சினுக்கு நேராகக் கொடுக்கும், நடுவில் மாற்று வால்வு. டீசல் எஞ்சின் எடுத்ததெல்லாவற்றையும் எரிப்பதில்லை, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். போகிற குழாயை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்புகிற குழாயை மறந்தால், ஒரு தாங்கியிலிருந்து எடுத்து மற்றதை நிரப்பிக்கொண்டே போகும், மற்றது ஏற்கனவே நிறைந்திருந்தால் டீசல் ரோட்டில். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துப் படிப்பித்தால் பையன் எந்தக் குழாயை எங்கே கொடுப்பான்?

வாத்தியார் ஐயாவின் சேம அச்சு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதைக் கட்டின இடம் சரி. பின் அச்சுக்குப் பின்னால் தாங்கி வைத்தால், 80 லீற்றர் டீசலே 67 கிலோ கிட்ட வரும், அதோடு ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கும், முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிபடாது. இரண்டு அச்சுக்கும் நடுவே, செசிக்குப் பக்கத்தில், சைலன்சர் குழாய்க்கு எட்டத்தில் வைக்க வேண்டும். ஆனால் பெயர் சரியில்லை ஐயா. சேம அச்சு முறிகிற நாள் வரைக்கும் சும்மா கிடக்கும். இந்தத் தாங்கி ஒவ்வொரு ஓட்டத்திலும் வேலை செய்யும். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற பையனுக்குச் சேமம் என்றால் "ரிசேர்வ்" என்றுதான் விழும்.

இன்னொன்று, கைந்நூலில் கட்டாயம் எழுதுங்கள்: நாகம், அதாவது சிங்க், பூசின தகட்டில் டீசல் தாங்கி செய்யக் கூடாது. நாகம் டீசலோடு சேர்ந்து பில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். உள்ளே தடுப்புத் தகடும் வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் டீசல் ஒரே பக்கம் மோதும்.

கோயம்புத்தூர்:

அண்ணன் சொல்வது நியாயம். அப்படியானால் தாங்கியை விட்டுவிடுங்கள், வேலையை வைத்துப் பெயர் கொடுப்போம். படகு இழுக்கத்தானே? "இழுவைத் தொட்டி".

திருகோணமலை, பயிற்சி ஆசிரியர்:

இழுவை மட்டும் வேண்டாம் ஐயா, காலில் விழுகிறேன். இந்தக் கரையில் இழுவை என்றால் இழுவைமடி, கடலடியை அரித்துக்கொண்டு போகிற வலை. அந்தச் சொல்லை வகுப்பில் சொன்னால் அரை மணி நேரம் மீன்பிடிச் சண்டைதான் நடக்கும், பாடம் நடக்காது.

கராஜ் அண்ணை சொன்னதை எடுத்துக்கொண்டு இப்படி எழுதியிருக்கிறேன்: முதல் தாங்கிக்கு ஊட்டுவது "துணைத் தாங்கி". மாற்று வால்வோடு இருக்கிறது "இரட்டைத் தாங்கி". பம்புக்கு எங்கள் பாடநூல் வழக்குப்படி "பம்பி". எதிர்ப்பு இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

கோலாலம்பூர்: சரி.

சீனக்குடா: சரி, மனமில்லாமல்.

கோயம்புத்தூர்:

துணைக்கு ஆதரவு, தாங்கிக்கு எதிர்ப்பு. பம்பிக்கு அதைவிட எதிர்ப்பு, "எக்கி" என்று எவ்வளவு அழகான சொல்.

யாழ்ப்பாணம்:

என் எதிர்ப்பைப் பதிந்து வையுங்கள். "ஊட்டுதாங்கி" என்று வினைத்தொகையாகப் போட்டிருந்தால் கராஜ்காரத் தம்பி கேட்டதும் கிடைத்திருக்கும், துணையைத் தாங்குகிற சங்கடமும் இருந்திருக்காது. இதை இரவு பதினொரு மணிக்கு எழுதுகிறேன், வெள்ளிக்குப் பிந்தி என்றால் இரண்டாம் பதிப்பில் பார்ப்போம். எக்கி பற்றித் தனியாக எழுதுகிறேன்.

உப்புவெளி, கராஜ்காரர்:

ஊட்டுதாங்கி நல்லாயிருக்கிறது. அப்புறம் ஆசிரியர் தம்பி, படத்தில் திரும்புகிற குழாய்க்கு என்ன பெயர் போட்டீர்கள்? போடாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் சிவப்பில் கீறி அம்புக்குறி போட்டுவிடுங்கள்.