ஒரே துறைக்குள் நான்கு மாணவர் அமைப்புகள்: சேர்ந்து இயங்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மூன்றாமாண்டு_இசிஇ

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த ஆண்டு துறை மன்றத்தின் செயலாளராகவும் இருக்கிறேன். மன்றத்தைத் தவிர எங்கள் துறையில் ஐ டிரிபிள் இ (மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டுச் சங்கம்) மாணவர் கிளை, ஐ.இ.டி.இ. (மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியாளர்களின் இந்தியச் சங்கம்) மாணவர் மன்றம், சீனியர்கள் சிலர் தாமாகவே தொடங்கிய ரோபோட்டிக்ஸ் கிளப் என்று மேலும் மூன்று அமைப்புகள் உள்ளன. நான்கும் நம்பியிருப்பது இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளைச் சேர்ந்த அதே 240 மாணவர்களை. நான்கும் கேட்பது அதே ஒரு கருத்தரங்கக் கூடத்தை.

கடந்த செப்டம்பர் 15, பொறியாளர் தினத்தன்று, எங்கள் துறையின் பழைய மாணவர் ஒருவரை விரிவுரைக்கு அழைத்திருந்தோம். அவர் பெங்களூரிலிருந்து சொந்தச் செலவில் இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தார். அதே பிற்பகலில் கீழ்த்தளத்து ஆய்வகத்தில் ரோபோட்டிக்ஸ் கிளப் இஎஸ்பி32 என்ற சிறிய மின்னணுக் கட்டுப்பாட்டு போர்டில் பயிற்சிப் பட்டறையை வைத்திருந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. 120 இருக்கைகள் கொண்ட கூடத்தில் 31 பேர் அமர்ந்திருந்தோம். அவர் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, எல்லாரையும் முதல் இரண்டு வரிசைகளுக்கு வரச் சொல்லி, வகுப்பறையில் பேசுவதுபோல் பேசினார். கீழேயோ பத்து போர்டுகளைச் சுற்றி ஐம்பது பேர் நெருக்கியடித்து நின்றதால், பாதிப் பேர் ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் திரும்பினார்கள். அன்று அந்த அண்ணனின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு நான்கு அமைப்புகளின் பொறுப்பாளர்களையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். மூன்று வாரங்களில் அது பண்டிகை வாழ்த்துகளுக்கான இடமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவரலாம் என்று சொன்னதற்கு ரோபோட்டிக்ஸ் கிளப்பினர் நேரடியாகவே மறுத்துவிட்டார்கள். துறைத்தலைவர் "நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்கிறார். இத்தகைய நிலையைக் கடந்து வந்தவர்கள், எதைப் பிடித்துத் தொடங்கினால் ஒத்துழைப்பு நிலைக்கும் என்று சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஒருங்கிணைப்பாளர்_ஆசிரியர்

தம்பி, வேறொரு கல்லூரியில் பல ஆண்டுகளாக மாணவர் கிளை ஒன்றின் ஆசிரியர் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் காட்சியை நானும் பார்த்திருக்கிறேன். மாணவர்களுக்குள் இருக்கும் போட்டி மனப்பான்மையே இதற்குக் காரணம் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. என் அனுபவத்தில் காரணம் அதைவிடச் சாதாரணமானது: நிகழ்ச்சி யார் கணக்கில் சேரும் என்பதே அது. ஐ டிரிபிள் இ கிளை ஆண்டு முழுவதும் செய்தவற்றை மேலிடத்துக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும், ஐ.இ.டி.இ. மன்றமும் தன் மையத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இவற்றுக்கு மேல், என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரத்துக்காகத் துறை தயாரிக்கும் தன்மதிப்பீட்டு அறிக்கையில் தொழில்முறைச் சங்கங்களின் கிளைகளும் அவை நடத்திய நிகழ்ச்சிகளும் தனியாகவே கேட்கப்படுகின்றன. சேர்ந்து நடத்திய நிகழ்ச்சி ஒருவர் கோப்பில் மட்டும் ஏறினால், உழைத்த மற்றவர் ஆண்டிறுதியில் வெறுங்கையோடு நிற்பார், அடுத்த முறை அவர் வரமாட்டார்.

ஆகவே நாள் குறிப்பதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நடத்துபவர் யார், இணைந்து நடத்துபவர் யார், பேனரில் பெயர்கள் எந்த வரிசையில் வரும், எந்தச் செலவு யாருடையது. வருகைப் பதிவுத் தாள் ஒன்றே இருக்கட்டும். அதன் நகலும் புகைப்படங்களும் அன்று மாலையே இரு தரப்புக் கோப்புகளுக்கும் போய்விட வேண்டும். ஓ.டி. பட்டியலும், அதாவது நிகழ்ச்சிக்காக வகுப்புக்கு வராதவர்களுக்கு வருகை கேட்கும் 'ஆன் டூட்டி' பட்டியலும், ஒன்றாகவே போகட்டும். ஒரே பிற்பகலுக்கு இரண்டு பட்டியல்கள் இரண்டு கையெழுத்துகளோடு வரும்போது வகுப்பாசிரியர் இரண்டையும் சந்தேகிக்கிறார். அதனால் பாதிக்கப்படுவது, எழுபத்தைந்து விழுக்காட்டு வருகையை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர்தான்.

இணைப்பைப் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தியையும் சொல்கிறேன். இன்று நாம் ஐ டிரிபிள் இ என்று அழைக்கும் அமைப்பே 1963 ஜனவரியில் இரண்டு சங்கங்கள் ஒன்றானதால் பிறந்தது. மின்பொறியாளர்களுக்காக 1884இல் தொடங்கிய அமெரிக்கச் சங்கம் ஒன்று; வானொலிப் பொறியாளர்களுக்காக 1912இல் தொடங்கியது மற்றொன்று. மின்னணுவியல் வளர வளர இரண்டுமே ஒரே இளைஞர்களைத் தேடி நின்றன. ஆனால் தலைமையகங்கள் ஒன்றாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பல அமெரிக்கக் கல்லூரிகளில் இரண்டுக்கும் பொதுவான கூட்டு மாணவர் கிளைகள் இயங்கிக்கொண்டிருந்தன. அதனால்தான், குடையை முதலில் விரிக்க முயன்றதை உங்கள் தவறாகக் கருதுகிறேன். இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்ந்து நடத்திப் பாருங்கள், குடை தேவையா என்பது பிறகு தெரியும்.

பதில்: முன்னாள்_கிளைத்தலைவி

ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். நாங்கள் தோற்ற இடம் அது. பொறுப்புகள் மாறும் காலம் எல்லா அமைப்புகளுக்கும் ஒன்றல்ல. ஐ டிரிபிள் இ உறுப்பாண்டு டிசம்பர் 31உடன் முடிவதால், எங்கள் கிளையில் ஜனவரியில் புதிய நிர்வாகிகள் வந்தார்கள். துறை மன்றத்திலோ கல்வியாண்டின் தொடக்கத்தில் மாறினார்கள். ஆகஸ்டில் மன்றத்துடன் உட்கார்ந்து பேசி நான் ஒத்துக்கொண்டவற்றில் எதுவும் எனக்குப் பின் வந்தவருக்குத் தெரியாது. அவர் பிப்ரவரியில் மன்றத்தின் சிம்போசியம் என்ற தொழில்நுட்ப விழா நாளிலேயே வேறொரு போட்டியை அறிவித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நான் எதையும் எழுதி வைக்கவில்லை. அதன் பிறகுதான், பொறுப்பிலிருந்து விலகுபவர் மேலும் இரண்டு மாதங்கள் கூட்டுப் பணிகளுக்கு மட்டும் உடனிருக்க வேண்டும் என்று வைத்தோம்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு சார்ட் அட்டை. ஆய்வக உதவியாளர் அண்ணாவின் அறைக் கதவில் அரையாண்டுக்கான நாட்காட்டியை ஒட்டினோம். முதலில் சிவப்பு மையில் இன்டர்னல் தேர்வு நாட்களையும் செய்முறைத் தேர்வு நாட்களையும் குறித்த பிறகே, மீதமிருந்த நாட்களைப் பென்சிலால் பங்கிட்டுக்கொண்டோம். நிகழ்ச்சிக்குப் பத்து நாட்களுக்கு முன் பென்சிலின்மீது பேனாவால் எழுதாவிட்டால் அந்த நாளை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகத்துக்குப் போகிற எல்லாரும் கடந்து செல்லும் கதவு என்பதால், வாட்ஸ்அப்பில் யாரும் படிக்காததை அங்கே எல்லாரும் படித்தார்கள்.

ரோபோட்டிக்ஸ் கிளப்பை இணைக்க முயல வேண்டாம், தம்பி. பெரும்பாலும் அத்தகைய கிளப்புகளுக்கு முத்திரையும் கிடையாது, தனிக் கணக்கும் கிடையாது. தங்கள் கைவேலையை வைத்து மட்டுமே ஆட்களைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரையும் எடுத்துக்கொள்வதாக நினைத்தால் நிச்சயம் மறுப்பார்கள். கூடத்தையும் ஓ.டி.யையும் நீங்கள் பெற்றுத் தருவதாகவும், பயிற்சியை அவர்கள் பெயரிலேயே அவர்கள் நடத்துவதாகவும் பேசிப் பாருங்கள். பத்து போர்டுகளுக்கு ஐம்பது பேர் என்றீர்களே, மன்றத்தின் நிதியிலிருந்து இன்னும் பத்து போர்டுகள் வாங்கி அவர்கள் பொறுப்பில் கொடுத்தால், உங்கள்மீது அவர்களுக்கு இருக்கும் ஐயம் பாதி குறையும் என்பது என் கணிப்பு.

பதில்: இரண்டாமாண்டு_தன்னார்வலர்

பொறுப்பாளர்கள் பேசும் இடத்தில் ஒரு தன்னார்வலராகச் சொல்கிறேன். எங்கள் துறையில் மூன்று அமைப்புகளிலும் என் பெயர் இருக்கிறது. சென்ற பருவத்தில் இன்டர்னலுக்கு முந்தைய வாரம், சான்றிதழ்களில் பெயர் எழுதவும், பதிவு மேசையில் உட்காரவும், விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வரவும் மூன்று சீனியர்கள் அழைத்தார்கள். மூவருக்கும் மறுப்புச் சொல்லத் துணிவில்லாமல் எல்லாவற்றுக்கும் சென்றேன். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் தாளில் அதன் விளைவைப் பார்த்தேன். நாட்காட்டியைப் பங்கிடும்போது தன்னார்வலர் பட்டியலையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், அண்ணா. ஒரே ஆளை எத்தனை பேர் அழைக்கிறார்கள் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

மீண்டும்: மூன்றாமாண்டு_இசிஇ

ஐயாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் நன்றி. தம்பி சொன்னதைப் படித்ததும் எங்கள் நான்கு அமைப்புகளின் பட்டியல்களையும் வாங்கி ஒப்பிட்டேன். பதினொரு பேர் மூன்று பட்டியல்களில் இருக்கிறார்கள், அவர்களில் இருவர் நான்கிலும் இருக்கிறார்கள். இதை நான் கவனிக்காமல் இருந்தது வருத்தமாக இருக்கிறது.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. துறை மன்றத்தில் எல்லா மாணவர்களும் இயல்பாகவே உறுப்பினர்கள். ஐ டிரிபிள் இ கிளையினரோ ஆண்டுக் கட்டணத்தைத் தம் கையிலிருந்து செலுத்துகிறார்கள். கூட்டு நிகழ்ச்சிக்கு எல்லாரையும் ஒரே மாதிரி அனுமதித்தால், "பணம் கட்டி நாங்கள் கண்ட பயன் என்ன?" என்று அவர்கள் கேட்பது நியாயமாகவே படுகிறது. இதை எப்படித் தீர்ப்பது?

பதில்: ஒருங்கிணைப்பாளர்_ஆசிரியர்

அவர்கள் கேட்பது நியாயம்தான். கூட்டு முயற்சி என்ற பெயரில் அதைத் தள்ளிவிடாதீர்கள். நாங்கள் விரிவுரைகளை எல்லாருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடுகிறோம், ஏனென்றால் கூடத்தில் இன்னொருவர் உட்கார்வதால் யாருக்கும் இழப்பில்லை. போர்டுகளும் இருக்கைகளும் எண்ணிக்கைக்கு உட்பட்ட பயிற்சிப் பட்டறைகளில் மட்டும், முதல் இரண்டு நாட்கள் கட்டணம் செலுத்திய உறுப்பினர்களுக்கே பதிவைத் திறக்கிறோம். மீதமுள்ள இடங்கள் மூன்றாம் நாள் மற்றவர்களுக்குச் செல்லும். இந்த ஏற்பாட்டை முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள், பதிவு மேசையில் நின்று விளக்கும் நிலை வரக்கூடாது.

பணத்தை ஒரே பையில் போடவும் வேண்டாம். மன்றம் உணவுச் செலவை ஏற்றால், கிளை விருந்தினரின் பயணச் செலவை ஏற்கட்டும். அவரவர் ரசீது அவரவர் கோப்பில் இருந்தால், தணிக்கையின்போது யாரும் யாருக்காகவும் பதில் சொல்ல வேண்டியிராது. இன்னொன்று: பெங்களூரிலிருந்து வந்த அந்தப் பழைய மாணவரை, போர்டுகள் வந்த பிறகு, நான்கு அமைப்புகளும் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தோடு மறுபடி அழையுங்கள். இம்முறை பயணச்சீட்டை நீங்கள் எடுத்து அனுப்புங்கள்.