ஃபியட் 1100-க்கு லூகாஸ் விளக்கு: ஜோடி சேரவில்லை, உதவுங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களே, ஃபியட் 1100 முன் பம்பரில் பூட்ட இரண்டு 7 அங்குல லூகாஸ் விளக்குகள் கிடைத்திருக்கின்றன. ஜோடி என்றுதான் விற்றார்கள். கூடு ஒன்றுபோலவே இருக்கிறது. ஆனால் ஒன்றில் எஸ்எஃப்டி 700, மற்றதில் எஸ்எல்ஆர் 700 என்று பொறித்திருக்கிறது. முதலாவது பனி விளக்கு: கண்ணாடி முழுக்க நெருக்கமான செங்குத்துக் கோடுகள், ஒளி அகலமாகத் தாழ விழும். இரண்டாவது தூர விளக்கு.

மார்கழி விடியலில் பண்ருட்டி சாலைக்குப் பனி விளக்குதான் வேண்டும். எஸ்எஃப்டி கண்ணாடி ஒன்று யாரிடமாவது இருக்கிறதா? மாற்றாகத் தூர விளக்கின் கண்ணாடியைத் தருகிறேன்.

ஒயரிங் இப்படி: 48 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் 8 ஆம்பியர். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர், அது ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) 30 எண் முனைக்கு, 87 எண் முனையிலிருந்து விளக்கு, 86 சுவிட்சுக்கு, 85 எர்த்துக்கு. பம்பரை நம்பாமல் எர்த்துக்குத் தனி ஒயர், ஏனென்றால் கடல் காற்றில் போல்ட்டடியில் துரு ஏறி வெளிச்சம் மங்கிவிடும். வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது (ஐடிலில்) டைனமோ இந்தச் சுமையைத் தாங்காது, சிக்னலில் அணைத்துவிட வேண்டும். இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று: ரிஃப்ளெக்டரில் வெள்ளி உரிந்து நாலணா அளவுக்குக் கறுத்திருக்கிறது. பாலிஷ் போட்டால் மிச்சமும் போய்விடும். மறுபூச்சு செய்பவர் அருகில் யார்?